வாய்க்கால் பக்கத்து வேலி

கண்டக்டர் கலியமூர்த்தி ஓடி வந்தார் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிய கால் அது. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தது. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போனைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஓடினார். எதிரே வந்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஓடிப் போய் நின்ற இடம் மாவு மில்.

குருவைத் தேடி மலைக்கும் குகைக்கும் போகிறவர்கள் உண்டு. கலியமூர்த்தியின் குரு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நீலாயதாட்சி என்பது முழுப்பெயர், ஊருக்கு நீலாம்மா. வயது நாற்பத்தைந்து. சீடருக்கோ அறுபது. அதனால் சீடர் குருவை ‘அம்மா’ என்பார், குரு சீடரை ‘அண்ணே’ என்பார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, தங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் மாவு அரைக்கிற சாக்கில் அதே மில்லுக்குத்தான் வருவார்கள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாத சத்தம். கலியமூர்த்தி வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“வாங்கண்ணே,” என்றார் நீலாம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அந்த இரைச்சலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் இந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்கிறது என்று கலியமூர்த்தி ஒன்பது வருஷமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு ஆச்சரியப்பட நேரமில்லை.

“வர்றாங்கம்மா!”

“யாரு?”

“செங்கமலம்! பாப்பாவைத் தூக்கிக்கிட்டு! மகளைப் பாக்கப் போயிருக்கிற கௌசல்யா இப்பதான் போன் பண்ணினா. வெள்ளிக்கிழமை காலையில திருச்சியில பஸ் ஏறுறாங்களாம். மூணு நாள் இருப்பாங்களாம். மூணு நாள்மா!”

ஒரே மகள் பிறந்த வீட்டுக்கு வருவதில் இத்தனை கூத்து என்ன என்று கேட்கலாம். செங்கமலம் தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக்கு வரவில்லை. கலியமூர்த்தியின் மனைவி கௌசல்யாதான் திருச்சிக்குப் போய் இருந்து பார்த்தாள். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது, பெயர் ஆதிரை. கலியமூர்த்தி இரண்டு தடவை போய்ப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். கையில் வாங்கியதில்லை. செங்கமலம் கொடுத்ததில்லை.

“ஒரு கண்டிஷன் போட்டிருக்காம்மா,” என்றார் கலியமூர்த்தி. “கொல்லையில வாய்க்கால் பக்கம் வேலி அடைச்சிருக்கணுமாம். அடைக்கலைன்னா வந்த பஸ்லயே திரும்பிடுவாளாம்.”

நீலாம்மா மில்லை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் கலியமூர்த்தியின் மூச்சு இரைப்பது அவருக்கே பெரிதாகக் கேட்டது.

“கட்டை இருக்கா?”

“சவுக்குக் கட்டை எட்டு. பாப்பா பொறந்த அன்னைக்கே வாங்கிச் சாத்தி வெச்சிட்டேன்.”

“ஒன்றரை வருஷமா ஏன் நடலை?”

“அவ கேக்கலையேம்மா.”

நீலாம்மா மிளகாய்த்தூளைப் பையில் கட்டினார். கலியமூர்த்தி வாசலை விட்டு நகரவில்லை. வந்ததும் வந்தோம், வழக்கமாகக் கேட்பதையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“அம்மா, அப்புறம் அந்த விஷயம். என்னை எப்ப உட்கார வைக்கப் போறீங்க?”

உட்கார வைப்பது என்றால் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார வைப்பது. ஒன்பது வருஷமாக இதைக் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் நீலாம்மா அவருக்கு ஏதாவது வேலை கொடுப்பார். சல்லடையைத் தட்டி வைக்கச் சொல்வார், நடமாட முடியாதவர் வீட்டுக்கு மாவைக் கொண்டுபோகச் சொல்வார். மற்றவர்களை உட்கார வைத்திருக்கிறார். நேற்று வந்த ஒரு தையல்காரரைக்கூட உட்கார வைத்தார். கலியமூர்த்தியை மட்டும் இல்லை.

நீலாம்மா ஒரு அட்டையை எடுத்து, ‘வெள்ளி வரை மில் கிடையாது’ என்று எழுதிக் கதவில் மாட்டினார்.

“என்னம்மா இது?”

“கடப்பாரை உங்க வீட்ல இருக்கா, இல்ல இங்கேர்ந்து தூக்கிட்டு வரணுமா?”

*

வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையின் முடிவில் படித்துறை, படித்துறைக்குக் கீழே வாய்க்கால். ஆடி மாதம் என்பதால் கரை ததும்பத் தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். நடுவில் முப்பதடி திறந்து கிடந்தது. அதைத்தான் அடைக்க வேண்டும்.

கலியமூர்த்தி நூல் கட்டினார், சுண்ணாம்பால் புள்ளி வைத்தார், கட்டைகளின் அடியில் தார் பூசி வெயிலில் படுக்க வைத்தார். உற்சாகம் கரைபுரண்டது. முதல் குழியில் முதல் கட்டையை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே நாலு மிதி மிதித்துவிட்டு, பழைய பழக்கத்தில் கத்தினார்.

“ரைட்!”

நீலாம்மா வந்து கட்டையில் தோளைச் சாய்த்தார். ரைட் என்ற கட்டை லெஃப்டில் சாய்ந்தது.

“எவ்வளவு ஆழம்ணே?”

“ஒரு அடி இருக்கும்மா.”

“ரெண்டரை அடி போங்க.”

“பாப்பா வந்து மோதுறதுக்கு ரெண்டரை அடியா?”

“பாப்பா மட்டும்தான் மோதுமா?”

வேறு யார் வந்து மோதப் போகிறார்கள் என்று கலியமூர்த்திக்குப் புரியவில்லை. ஆனாலும் தோண்டினார். அடியில் ஈரக் களிமண், கடப்பாரையைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மறுபடி கட்டையை இறக்கி, மண் முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளி இடித்தார். நீலாம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மேல நின்னு இடிச்சா மேல மட்டும்தான் இறுகும். அடியில கொஞ்சம் உடைச்ச செங்கல், கொஞ்சம் மண், அதை இடிங்க. மறுபடி கொஞ்சம், மறுபடி இடிங்க.”

“லேட்டாகும்மா. நாளு ரெண்டுதான் இருக்கு.”

“கண்டக்டருக்கு லேட்டு புதுசா?”

கலியமூர்த்தி சிரித்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று கட்டை நின்றது. ஒவ்வொன்றும் நின்றதும் ‘ரைட்!’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு தடவையும் நீலாம்மாவைப் பார்ப்பார், அவரும் ஒரு ரைட் சொல்வாரா என்று. அவர் தோளைச் சாய்த்துப் பார்ப்பார், அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்.

புதன்கிழமை காலையில் கலியமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தது.

“கதவே வேண்டாம்மா. முப்பதடியும் ஒரேயடியா அடைச்சிடுவோம். தண்ணியைக் கண்ணால பாக்கவே வேணாம்.”

“கௌசல்யா துணி எங்க துவைப்பாங்க?”

“பைப்படி இருக்கு.”

“வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வந்தா?”

“யாரு போகப் போறா, எதுக்குப் போகணும்?”

“வேண்டி வரும்ணே. கதவு வைங்க.”

வைத்தார். படித்துறைக்கு நேராக மூன்றடி விட்டு, இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை. கதவைத் தாங்க வேண்டிய கட்டைகள் என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைத்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீலாம்மா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“கொஞ்சம் உங்க பக்கம். போதும். அசையாதீங்க.”

அசையாமல் நின்றால் கலியமூர்த்திக்கு வாய் சும்மா இருக்காது. அதிலும் நின்ற இடம் அந்த இடம். கொல்லையில் ஒரே ஒரு தென்னை மரம், அதிலிருந்து பத்தடியில் தண்ணீர். கண் தானாக அங்கே போயிற்று.

“அம்மா, அந்த மரத்தடியிலதான் நான் முன்னாடி உட்காருவேன்.”

“ம்.”

“டவுன்ல ஒருத்தர் சொல்லிக் குடுத்தார். என்ன சத்தம் வந்தாலும் கண்ணைத் திறக்காதே, மனசு அசையாம இருந்தா அதுதான் பெரிய நிலைன்னு. டூட்டிக்குப் போறதுக்கு முந்தி தினம் ஒரு மணி நேரம். ஒரு நாள் செங்கமலம் படித்துறையிலேர்ந்து உள்ள விழுந்துட்டா. நாலு வயசு. வாத்து மேய்க்கிறவர் ஒருத்தர் கீழே தொலைவுல நின்னாரு. மிதந்து வந்தவளை முடியைப் பிடிச்சுத் தூக்கிட்டாரு.”

“தெரியும். ஊர்ல சொல்லுவாங்க. தியானத்துல இருந்ததால உங்களுக்குக் கேக்கலைன்னு.”

கலியமூர்த்தி கட்டையை இறுக்கிப் பிடித்தார்.

“கேட்டுச்சும்மா.”

நீலாம்மா தூக்குக்குண்டிலிருந்து கண்ணை எடுத்தார்.

“தொபுக்குனு கேட்டுச்சு. தென்னையிலேர்ந்து நெத்து விழுந்திருக்கும்னு நெனச்சேன். அதோட விட்டிருந்தா பரவாயில்லை. கண்ணைத் திறக்காம இருந்துட்டோமேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சும்மா. மனசு அசையலையேன்னு. புள்ளை தண்ணிக்குள்ள போறா, நான் பெருமைப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இருபத்தாறு வருஷமா யாருக்கும் சொல்லலை. கௌசல்யாவுக்கும் தெரியாது.”

வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னையிலேர்ந்து கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான். அதான் உங்ககிட்ட ஒன்பது வருஷமாக் கெஞ்சுறேன். அந்தச் சத்தம் கேக்காம ஒரே ஒரு நாள் உட்காரணும். அதுக்கு என்னம்மா வழி?”

“மண்ணைத் தள்ளுங்க. கட்டை சாயுது.”

தள்ளினார். செங்கல், மண், இடி. செங்கல், மண், இடி. கண்ணிலிருந்து வடிந்தது வியர்வையா வேறா என்று அவரே பார்க்கவில்லை. கடைசி இடி இடித்து முடித்தபோது அவருக்கு ‘ரைட்’ சொல்லவும் வாய் வரவில்லை. நீலாம்மா வழக்கம்போல் கட்டையில் தோளைச் சாய்த்தார். அது அசையவில்லை.

“வெள்ளிக்கிழமை உட்கார வைக்கிறேன்,” என்றார்.

கலியமூர்த்தி கடப்பாரையைக் கீழே போட்டார். “எந்த வெள்ளிக்கிழமை?”

“நாளன்னைக்கி.”

ஒரே வெள்ளிக்கிழமையில் பேத்தியும் தியானமும்! அவர் குதித்த குதியில் புதிதாக நட்ட கட்டை ஆடாமல் நின்றதே, அது நல்ல வேலைதான்.

*

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து சுத்தியல் சத்தம். நீலாம்மா வருவதற்குள் கலியமூர்த்தி கட்டைக்குக் கட்டை மூன்று வரிசை குறுக்குச் சட்டம் அடித்து, அதன் வெளிப்பக்கம் நெட்டுக்கு ரீப்பர் பட்டைகள் அடித்து, இடது பக்க வேலியை முழுவதுமாக முடித்திருந்தார். நாலடி உயரம். சட்டங்கள் வீட்டைப் பார்த்து இருந்தன, பளிச்சென்று.

“எப்படிம்மா?”

நீலாம்மா வேலியைச் சுற்றிப் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். பிறகு கையையும் ஊன்றினார். நாற்பத்தைந்து வயது குரு கொல்லை முழுக்கத் தவழ்ந்து வந்தார். வேலியருகே வந்ததும் கீழ்ச் சட்டத்தைப் பிடித்து எழுந்து, அதன் மேல் ஒரு காலை வைத்தார். நடுச் சட்டத்தில் அடுத்த கால். ரீப்பருக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“தாத்தா, தண்ணி!” என்றார் மழலையில்.

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. குழந்தையைத் தடுக்கப் போட்ட வேலியில் குழந்தைக்கு ஏணியும் சேர்த்து அடித்திருக்கிறார்.

“அத்தனை ஆணியும் பிடுங்கணுமாம்மா?”

“அத்தனையும்.”

பிடுங்கினார். சட்டம் தண்ணீர்ப் பக்கம் போயிற்று, ரீப்பர் வீட்டுப் பக்கம் வந்தது. இப்போது கால் வைக்க ஓரிடம் இல்லை. அடுத்தது இடைவெளி. காற்று வரட்டும் என்று தாராளமாக விட்டிருந்தார். நீலாம்மா தென்னை மரத்தடியில் கிடந்த ஒரு நெற்றுத் தேங்காயை எடுத்தார், பாதி உரித்து நார் தொங்குவது. அதை ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவில் கொடுத்தார். தடையில்லாமல் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

“பாப்பா தலை இவ்வளவுதான் இருக்கும்,” என்றார்.

கலியமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்த் தேங்காயை எடுத்து வந்தார். அதன்பின் ஒரு ரீப்பர் அடிப்பதற்கு முன்னும் தேங்காயை வைத்துப் பார்க்காமல் அடிக்கவில்லை. போகாதா? ரைட். போகிறதா? நகர்த்து. முப்பதடியும் ‘பாப்பா தலை’யைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடித்தார். வேலை முடிந்ததும் அதைக் கதவுக் கட்டையின் மேல் மரியாதையாக உட்கார வைத்தார்.

கடைசியில் கதவு. தாழ்ப்பாளை உச்சியில் வைத்தார், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். கீல் அடிக்கிற நேரத்தில் நீலாம்மா கேட்டார்.

“எந்தப் பக்கம் திறக்கும்?”

“தண்ணிப் பக்கம். தள்ளினாத் திறக்கணும், அதான சுலபம்?”

“பாப்பா கதவைக் கண்டா என்ன செய்யும்?”

கலியமூர்த்தி யோசித்தார். தாழ்ப்பாள் போட மறந்த ஒரு நாளை நினைத்துப் பார்த்தார். பஸ்ஸில் எத்தனை குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்.

“தள்ளும்.”

“அப்போ?”

கீலை மாற்றினார். கதவு இப்போது வீட்டுப் பக்கம் மட்டும்தான் திறக்கும், இழுத்தால்தான் திறக்கும். எத்தனை தள்ளினாலும் தண்ணீர்ப் பக்கம் போகாது. பத்துத் தடவை தள்ளிப் பார்த்து, பத்துத் தடவை இழுத்துப் பார்த்து, பதினோராவது தடவை கௌசல்யாவுக்குப் போன் செய்து போனையே கதவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“கேளு, கேளு, தாழ்ப்பாள் சத்தம் கேக்குதா?”

“கேக்குது, கேக்குது,” என்றாள் கௌசல்யா. “கல்யாணத்துக்குத் தாலி செஞ்சப்பக்கூட உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் இல்ல.”

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கலியமூர்த்தி எட்டு மணியிலிருந்து வாசலில் நிற்கிறார்.

செங்கமலம் இறங்கினாள். குழந்தை இடுப்பில், காலில் கொலுசு, கண்ணில் தூக்கம். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். முந்தின நாள் ராத்திரியே வந்துவிட்ட கௌசல்யா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. நேரே கூடத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். கலியமூர்த்தி பின்னாலேயே போனார், பரீட்சை எழுதியவர் மாதிரி.

அவள் கட்டைகளை ஆட்டிப் பார்த்தாள். ரீப்பர் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். கதவைத் தள்ளினாள். அது திறக்காததும் ஒரு நொடி நின்றாள்.

“உள் பக்கம் திறக்கிற மாதிரியா வெச்சிருக்கீங்க?”

“ஆமாம்மா. பாப்பா தள்ளும்ல?”

அவள் அப்பாவை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“நல்லாருக்குப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். கலியமூர்த்திக்கு அது போதும் போதும் என்றிருந்தது. அவர் வேலியைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். கௌசல்யா குறுக்கே வந்தாள்.

“அப்பாகிட்ட பாப்பாவைக் குடேன்டி. கை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

செங்கமலம் குழந்தையைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா. புது ஆள்கிட்ட போகமாட்டா.”

நீட்டிய கையைக் கலியமூர்த்தி இறக்கினார். “அதானே, புது ஆள்தானே,” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கட்டையில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டத் தொடங்கினார்.

சாப்பாட்டு நேரத்துக்கு நீலாம்மா வந்தார். செங்கமலம் அடுக்களையில் குழந்தைக்குப் பருப்புச்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கொலுசுச் சத்தம் அங்கே இங்கே ஓடியது.

“வெள்ளிக்கிழமை ஆச்சும்மா,” என்றார் கலியமூர்த்தி. ஒரு சந்தோஷம் பாதியில் நின்றதால் மற்றொன்றையாவது முழுதாகப் பிடித்துக்கொள்ளத் தவித்தார்.

“உட்காருங்க.”

“எங்க?”

நீலாம்மா தென்னை மரத்தடியைக் காட்டினார்.

“அங்கயா?”

“அங்கதான்.”

உட்கார்ந்தார். எதிரே எட்டடியில் வேலி. தன் கையால் போட்ட வேலி. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஓடுவது மட்டும் கேட்டது.

“கண்ணை மூடுங்க.”

“மனசுல என்ன நினைக்கணும்?”

“ஒண்ணும் வேணாம். மூடுங்க.”

மூடினார். இருபத்தாறு வருஷமாக எதற்குப் பயந்தாரோ அந்தச் சத்தம் வரவில்லை. வேலி இருக்கிறது. கட்டை ரெண்டரை அடி ஆழம். தாழ்ப்பாள் உச்சியில். அடுக்களையில் கொலுசு ஓடியது, நின்றது, ஓடியது. மூச்சு தானாக இறங்கியது. தோள் இறங்கியது. கொலுசு நின்றது. அதன்பின் ஓடவில்லை. ஓடாவிட்டால் என்ன, சாப்பிடுகிறாள் போல. உடம்பு லேசாக இருந்தது. இதுதானா அது, இதற்குத்தானா ஒன்பது வருஷம் என்று உள்ளே ஒரு பூரிப்பு எழுந்தது.

தொபுக்.

நெத்து விழுந்திருக்கும் என்று நினைத்தது மனசு. அதே நினைப்பு, அதே வார்த்தை.

அந்த வார்த்தை முடிவதற்குள் கலியமூர்த்தி வேலியருகே இருந்தார். எப்போது எழுந்தார் என்பது அவருக்குத் தெரியாது. கதவில் போய் மோதினார், தாழ்ப்பாளைத் தட்டினார், தள்ளினார். திறக்கவில்லை. தானே மாற்றி வைத்த கீல் என்பது அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? அறுபது வயது உடம்பை முழுவதுமாகக் கதவுக் கட்டையின் மேல் போட்டு, அதைப் பற்றி ஏறினார். சட்டை கிழிந்தது. கட்டை இம்மியும் அசையவில்லை. அதைத் தாண்டித் தண்ணீரில் குதித்தார்.

மார்பு ஆழம். கலங்கல் தண்ணீர், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. “பாப்பா! பாப்பா!” என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் துழாவினார். கையில் நாராக ஏதோ பட்டது. முடி. பிடித்தார், இழுத்தார், மார்போடு அணைத்துக்கொண்டு மேலே தூக்கினார்.

தேங்காய்.

கதவுக் கட்டையின் மேல் உட்கார வைத்திருந்த அதே பாதி உரித்த தேங்காய். அவர் அதையே பார்த்தார். அதைக் கீழே விடத் தோன்றாமல் அணைத்துக்கொண்டே நின்றார்.

“அப்பா!”

செங்கமலம் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை, வாயில் பருப்புச்சாதம். அவள் கதவை இழுத்துத் திறந்து படித்துறையில் வந்து நின்றாள். அப்பாவின் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த தேங்காயைப் பார்த்தாள். காலியான கதவுக் கட்டைக்குப் பக்கத்தில் கை கட்டி நின்ற நீலாம்மாவைப் பார்த்தாள்.

“பாப்பான்னு நெனச்சீங்களா?”

கலியமூர்த்தி தலையை ஆட்டினார். தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கும் கேட்டுச்சும்மா,” என்றார் மகளிடம். “நீ விழுந்தப்ப. எனக்குக் கேட்டுச்சு. நெத்துன்னு நெனச்சு எந்திரிக்கலை. கேக்கலைன்னு எல்லாரும் சொன்னப்ப நானும் ஆமான்னுட்டேன்.”

படியில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. குழந்தை தாத்தாவின் கையிலிருந்த தேங்காய் நாரைப் பிடிக்கக் கையை நீட்டியது.

செங்கமலம் குனிந்தாள். தேங்காயை அவர் கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

“இவளைக் கொஞ்சம் பிடிங்க,” என்றாள். “கையெல்லாம் சாதம். கழுவிட்டு வர்றேன்.”

அவள் உள்ளே போனாள். பைப்படிக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆதிரை தாத்தாவின் ஈர மடியில் உட்கார்ந்து அவர் மூக்கில் பருப்பைத் தடவினாள். புது ஆள் என்று அழவில்லை. கலியமூர்த்திக்கு இரண்டு கையும் போதவில்லை. அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பிறகுதான் நீலாம்மா நிற்பது நினைவு வந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே உட்காரலும் போயிற்று என்பதும் நினைவு வந்தது.

“தோத்துட்டேம்மா,” என்றார். “பாதியில கண்ணைத் திறந்துட்டேன்.”

நீலாம்மா கதவுக் கட்டையில் தோளைச் சாய்த்துப் பார்த்தார். அது நேராக நின்றது.

“ரைட்,” என்றார்.

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார்.

“இனிமே எப்ப அந்தச் சத்தம் கேட்டாலும் இப்படித்தாம்மா எந்திரிச்சு ஓடுவேன். அப்புறம் நான் எங்க உட்கார்றது?”

“நாளைக்குக் காலையில மில்லுக்கு வாங்க, உட்காரலாம்,” என்றார் நீலாம்மா. “எந்திரிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான்ணே நான் உட்காரச் சொல்லித் தர்றது.”